ஒலிம்பஸ்: மலைப்பெயர் கொண்ட கண்ணாடித் தொழில்



பத்து காவானில் எங்கள் தோட்டத்து லயன் வீடுகள் இருந்த காலத்தை நினைத்துப் பார்க்கிறோம். எந்த வீட்டில் நுழைந்தாலும் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல்யாணப் படம் தொங்கும். நிபோங் திபாலிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்த படமாக இருக்கும். ஒரு குடும்பத்திற்கு வாழ்நாளில் நாலைந்து படங்கள் இருந்தால் அது பெரிய செல்வம். படம் எடுப்பது அவ்வளவு செலவுபிடித்த காரியம்.

அந்தச் செலவைப் பாதியாகக் குறைக்க வழி கண்டது ஜப்பானியக் கம்பெனி ஒன்று. அதன் பெயர் ஒலிம்பஸ். 1956-ஆம் ஆண்டு அங்கு வேலைக்குச் சேர்ந்த யோஷிஹிசா மைத்தானி என்னும் இளைஞரிடம், கேமரா ஒன்றை வடிவமைக்கும்படி சொன்னார்கள். சாமானிய மக்கள் வாங்கக்கூடியதாக, 6,000 யென் விலையில் இருக்க வேண்டும் என்பது இலக்கு. மற்றவர்களாக இருந்தால் லென்சில் சிக்கனம் பிடித்திருப்பார்கள். மைத்தானி லென்சில் கை வைக்கவில்லை. நல்ல லென்சைப் போட்டுவிட்டு, மீதியில்தான் சிக்கனம் பார்த்தார்.

அவர் செய்த தந்திரம் எளிது. சாதாரண கேமரா ஒரு படம் எடுக்கும் பிலிம் இடத்தில் இரண்டு படம் எடுக்க வைத்தார். 36 படம் எடுக்கும் பிலிம் சுருளில் 72 படம் எடுக்கலாம். 1959-இல் வெளிவந்த அந்தக் கேமராவுக்குப் 'பென்' என்று பெயர். பேனாவைப் போல எளிதாகக் கையில் எடுத்துச் செல்லலாம் என்பது பொருள். 1961-இல் வந்த 'பென் ஈஈ'க்குப் பேட்டரி கூடத் தேவையில்லை. லென்சைச் சுற்றிப் பதித்திருந்த செலினியத் தகடு, விழுகிற வெளிச்சத்தையே மின்சாரமாக மாற்றி வெளிச்சத்தை அளந்தது. வெளிச்சம் போதாவிட்டால் பார்க்கும் துவாரத்தில் சிவப்பு நாக்கு ஒன்று எட்டிப் பார்க்கும். பொத்தானை அழுத்தினாலும் படம் விழாது. பிலிம் வீணாகாது. காசின் அருமை தெரிந்தவர்கள் செய்த கருவி என்று எங்களுக்குத் தோன்றும்.

ஆனால் இந்தக் கம்பெனி கேமராவில் தொடங்கியதல்ல. தக்கேஷி யமாஷிதா என்பவர் 1919 அக்டோபர் 12-இல் தோக்கியோவில் 'தக்காச்சிஹோ' என்ற பெயரில் இதைத் தொடங்கினார். ஜப்பானியர் கதைகளில் தக்காச்சிஹோ தெய்வங்கள் உறையும் மலை. கிரேக்கர்களுக்கு அப்படிப்பட்ட மலை ஒலிம்பஸ். 1921-இல் அந்தப் பெயரையே வியாபார முத்திரையாகப் பதிவு செய்துகொண்டார்கள். நமக்குக் கயிலை மலை எப்படியோ அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1920-இல் அவர்கள் செய்த முதல் பொருள் மைக்ராஸ்கோப், அதாவது நுண்பெருக்காடி. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரும் சில காலம் செய்தார்கள். கேமரா வந்தது 1936-இல்தான்.

நுண்பெருக்காடி நமக்கு அந்நியமானதல்ல. காட்டை வெட்டித் தோட்டம் போட்ட நாளில் நம் முன்னோர்களைக் கூட்டங் கூட்டமாய்க் கொன்றது மலேரியா. அந்தக் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ரோஸ் 1897-இல் செக்கந்திராபாத்தில் இதே மாதிரிக் கருவியின் வழியாகத்தான் கண்டார். டிரெஸர் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி அனுப்பியதும் இதற்காகவே. பிறகு 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தபோது, பால் வெட்டிய தாய்மார்களின் பெண் பிள்ளைகள் பேக்டரி பஸ் ஏறிப் போய், நுண்பெருக்காடியில் கண் வைத்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பிகளை ஒட்டினார்கள். வீட்டுக்குச் சம்பளம் வந்தது. கண்வலியும் தலைவலியும் கூடவே வந்தன. அந்த வேலையைச் செய்த அக்காமார் பலர் இன்று பாட்டிகளாகிவிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது அவர்களைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

இனி நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பாட்டி. நாற்பது வருஷம் பால் வெட்டியவர். சாப்பிட்டால் வயிறு எரிகிறது, மலம் தார் போலக் கறுப்பாய்ப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னதும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிட்டார். நாங்கள் கேட்டதற்கு, "வாத்தியாரே, பாம்பு மாதிரி ஒன்னை வாய்க்குள்ள விடுவாங்களாம். அதுக்கு நான் செத்தே போறேன்" என்றார்.

அந்தக் குழாயின் கதையும் ஒலிம்பஸில்தான் வருகிறது. ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோயால் ஏராளமானவர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 1949-இல் தோக்கியோ பல்கலைக்கழக மருத்துவர் தத்சுரோ உஜி, வயிற்றுக்குள் போய்ப் படம் எடுக்கும் கேமரா செய்ய முடியுமா என்று கம்பெனியைக் கேட்டார். முட்சுவோ சுகியுரா என்ற பொறியாளர் அதில் இறங்கினார். 1950-இல் முதல் இரைப்பைக் கேமரா உருவானது. வளையும் குழாயின் நுனியில் ஒரு குட்டி லென்ஸ், ஒரு குட்டிப் பல்பு, ஒரு துண்டு பிலிம். மருத்துவருக்கு உள்ளே எதுவும் தெரியாது. அறையை இருட்டாக்கி, பல்பு மின்னும்போது வயிற்றுத் தோலில் தெரியும் ஒளியைக் கொண்டு, நுனி எங்கே இருக்கிறது என்று அனுமானித்தார். பிலிமைக் கழுவிய பிறகுதான் விஷயம் தெரியும்.

நேரில் பார்க்க வழி செய்தது கண்ணாடி இழை. வளைந்த இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்தலாம் என்று 1954-இல் இங்கிலாந்தில் காட்டிய இருவரில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கப்பானி. 1957-இல் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் அமெரிக்காவில் அதை வயிற்றுக்குள் பார்க்கப் பயன்படுத்தினார். 1964-இல் ஒலிம்பஸ் இழையையும் கேமராவையும் ஒன்றாகச் சேர்த்தது. 1980களில் டெலிவிஷன் திரையிலேயே பார்க்கும் வசதி வந்தது.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னோமா என்றால், இல்லை. அவர் கேட்டது வேறு: "வலிக்குமா?" முதல் நாள் இரவிலிருந்து சாப்பிடக் கூடாது, தொண்டை மரத்துப்போக மருந்து தெளிப்பார்கள், இடப்பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும், குழாய் சுண்டு விரல் அளவுதான், ஓங்கரிப்பு வரும், மூச்சு அடைக்காது, பெரும்பாலும் சில நிமிடத்தில் முடிந்துவிடும் என்று சொன்னோம். மகளும் கூட வந்தார்.

கம்பெனியின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுவது நியாயம். 2011-இல் அதன் தலைவராயிருந்த ஆங்கிலேயர் மைக்கல் வுட்போர்ட், கணக்கில் இருந்த ஓட்டையைப் பற்றிக் கேள்வி கேட்டதற்காகவே வேலை நீக்கம் செய்யப்பட்டார். பல்லாண்டு கால நஷ்டத்தை மறைத்து வந்ததைக் கம்பெனி பிறகு ஒப்புக்கொண்டது. கைத்தொலைபேசி கேமராக்களின் போட்டியில், படக் கேமராத் தொழில் 2021-இல் வேறு கம்பெனிக்குக் கைமாறியது. முதலில் செய்த நுண்பெருக்காடித் தொழிலும் 2023-இல் விற்கப்பட்டது. மருத்துவக் கருவிகளே இன்று அதன் பிழைப்பு.

பாட்டிக்கு வந்திருந்தது புண், புற்றுநோய் இல்லை. டாக்டர் திரையில் எடுத்த படத்தை அச்சடித்துக் கொடுத்தார். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார், எரிச்சல் நின்றது. அந்தப் படத்தைப் பாட்டி தம் கல்யாணப் படச் சட்டத்தின் ஓரத்தில் செருகி வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம், "இது என் வயிறு" என்று காட்டுகிறார்.