பட்டறைக்கு வந்த பழைய ரம்பம்



ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வானொலியின்முன் அமர்ந்தால் கல்வியைப் பற்றிப் பேசுவான். அன்றேல் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவான் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ, பழைய மேசை ரம்பம் ஒன்றைச் செப்பனிட்ட வரலாறு. ஆயினும், இறுதியில் இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சாகவே முடியும். முப்பது ஆண்டுப் பழக்கம் எளிதில் விட்டுப்போகுமா?

1937ஆம் ஆண்டில் வார்தாவில் காந்தியடிகளின் தலைமையில் கூடிய கல்வி மாநாடு, கைத்தொழில் ஒன்றை நடுவாக வைத்தே பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டவேண்டும் என்று கருதியது. அக்கருத்தின் எச்சமாக, நான் படித்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்கள் கைகளுக்கு உளியும் இழைப்புளியும் வந்தன. பணியில் இருந்த காலத்தில் அவற்றைத் தொட நேரம் வாய்க்கவில்லை. ஓய்வுக்குப்பின் வீட்டுப் பின்கட்டில் சிறு பட்டறை ஒன்று அமைத்தேன். மூடப்பட்ட ஒரு மரச்சாமான் கடையிலிருந்து, பழைய இரும்பின் விலைக்கு, அந்த ரம்பமும் வந்து சேர்ந்தது.

மேசை ரம்பம் என்பது யாது? வார்ப்பிரும்பு மேசையின் நடுவே ஒரு பிளவு. அதன் வழியே வட்டமான ரம்பத் தகடு தலைநீட்டி நிற்கும். மேசைக்கு அடியில் மோட்டார் இருக்கும். கைரம்பத்தை நாம் மரத்தினிடம் கொண்டுசெல்கிறோம். இங்கே மரத்தை ரம்பத்தினிடம் தள்ளுகிறோம். வேறுபாடு அவ்வளவே, ஆனால் அபாயமெல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

முதல் வேலை துருவை அகற்றுவது. பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் கொண்டு மூன்று நாள் தேய்த்தான். மேசை பளபளத்தது. அதன்மேல் எண்ணெய் பூசலாகாது. மரத்தில் கறை படியும். ஆகவே மெழுகு தடவினோம். மூன்றாம் நாள் அவன் மேசைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்து, "தாத்தா, ரம்பத்துக்குப் பின்னால் மரையோடு இரண்டு துளைகள் சும்மா இருக்கின்றனவே, அவை எதற்கு?" என்று கேட்டான். "பழைய இயந்திரம், ஏதாவது இருந்திருக்கும். நீ துடை" என்றேன். இந்த விடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ரம்பம் பூட்டிய அச்சைக் கையால் சுழற்றினேன். நறநறவென்று ஓசை எழுந்தது, பேரிங்குகள் தேய்ந்திருந்தன. அவற்றின் பக்கத்தில் 6204 என்ற எண் பொறித்திருந்தது. உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர் என்பதெல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் அடக்கம். கடைக்காரரிடம் எண்ணைச் சொன்னாலே போதும். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்றுச் சுற்றுவது. அதில் 6 அங்குலக் கப்பியும் ரம்ப அச்சில் 3 அங்குலக் கப்பியும் இருந்தமையால், ரம்பம் 2,880 சுற்றுச் சுற்றும். ரம்பத்தின் விட்டம் 10 அங்குலம். கணக்கிட்டுப் பாருங்கள்: பல்லின் நுனி மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது!

இக்கணக்கைப் போட்ட நானே, ஆவல் மிகுதியால் அதை மறந்தேன். புதிய பெல்ட்டை மாட்டியதும் மின்விசையை அழுத்தி, மூன்றடி வேங்கைப் பலகை ஒன்றைத் தள்ளினேன். பாதி அறுபட்டிருக்கும், ஓசை மாறியது. அடுத்த நொடியில் பலகை என் விலாவை உரசிக்கொண்டு பறந்து சுவரில் மோதியது. சுவர்ப்பூச்சு பெயர்ந்து விழுந்தது. அந்த இடத்திலிருந்து ஒரு முழத் தொலைவில் பேரன் நின்றுகொண்டிருந்தான். அன்று நான் உணவு கொள்ளவில்லை.

காரணம் என்ன? ரம்பத்தின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்கி, மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. அறுபட்ட பிளவு மூடிக்கொண்டாலும், பலகை கோணினாலும், அப்பற்கள் பலகையைத் தூக்கி அறுப்பவனை நோக்கியே எறிந்துவிடும். இதைத் தடுக்க ரம்பத்துக்குப் பின்னால், பிளவுக்குள் நிற்கும்படி ஓர் இரும்புத் தகடு உண்டு. அதைத் தாங்குவதற்கே அந்த இரண்டு துளைகளும் அமைந்திருந்தன! இடைஞ்சல் என்று முன்னே எவரோ கழற்றி எறிந்திருக்கிறார்.

மறுநாள் முறையாகத் தொடங்கினோம். மேசையிலுள்ள நீண்ட பள்ளத்துக்கு ரம்பம் இணையாக நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு பல்லில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, முன்பக்கத்தில் பள்ளத்திலிருந்து அதன் தொலைவை அளந்தோம். அதே பல்லைப் பின்பக்கத்துக்குச் சுழற்றி மீண்டும் அளந்தோம். வேறு பல்லை அளந்தால் தகட்டின் சிறு கோணலும் கணக்கில் கலந்துவிடும். ஒன்றரை மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. திருகாணிகளைத் தளர்த்தி அதைச் சரிசெய்தோம். பலகை சாய்ந்து செல்லும் ஓரச் சட்டத்தையும் அவ்வாறே இணையாக்கினோம்.

பின்னர் தகடு. பற்கள் அறுக்கும் அகலம் 3.2 மில்லிமீட்டர், ரம்பத்தின் கனம் 2.2. பின்தகடு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டிருக்கவேண்டும். 2.5 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, அந்தத் துளைகளில் பூட்டினோம். ரம்பத்தின் மேல் ஒரு மூடியும் அமைத்தோம். மின்சாரம் நின்று திரும்பும்போது இயந்திரம் தானே ஓடத் தொடங்காதபடி தக்க சுவிட்சு ஒன்றை மின்பணியாளர் பொருத்தினார், நிலக்கம்பியும் இணைத்தார். மேல்துண்டு அணிந்து அருகே வரலாகாது என்பது எனக்கு நானே விதித்த சட்டம். அறுக்கும்போது பலகைக்கு நேர்பின்னால் எவரும் நிற்பதில்லை.

செப்பனிட்ட ரம்பத்தில் முதலில் அறுத்தது, மரத்தைத் தள்ளுவதற்கான ஒரு கோல். விரல் செல்லக்கூடாத இடத்துக்கு அது செல்லும்.

அன்பர்களே, பழைய பொருளை ஓடச் செய்வது செப்பனிடுதலில் பாதியே. அதிலிருந்து எது கழன்று போயிற்று என்று கேட்டறிவதே மறுபாதி. அந்தக் கேள்வியைப் பன்னிரண்டு வயதுப் பையன் மூன்றாம் நாளே கேட்டுவிட்டான். "தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வகுப்பறையில் இவ்வாறு எத்தனை கேள்விகளைத் துடைத்திருப்பேனோ! பேரனிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். பட்டறைச் சுவரில் பூச்சுப் பெயர்ந்த இடத்தை மட்டும் பூசாமல் விட்டுவைத்திருக்கிறேன்.