பழிவாங்க வந்தவர் போட்ட வேடங்கள்

(சபையின் ஆண்டு விழா மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவில் பேச வேண்டும் என்று போதகர் ஐயா கேட்டபோது, வழக்கம்போல ஆரோக்கியம் பற்றிப் பேசலாம் என்றுதான் நினைத்தேன். ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் விடவில்லை. "அன்ரி, ஒவ்வொரு வருசமும் சீனி வருத்தம், பிரஷர் என்றே சொல்லுறீங்கள். இந்த முறை ஒரு கதை சொல்லுங்கோ" என்றார்கள். ஆகவே கதை சொல்ல வந்திருக்கிறேன். நாம் வாழும் இந்தப் பிரான்ஸ் தேசத்தின் கதை. உங்களில் சிலர் பள்ளியில் அதன் சுருக்கப் பதிப்பை வாசித்திருப்பீர்கள். நானும் என் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்த்தான் முதலில் வாசித்தேன். அதற்குப் பிறகு முழுப் புத்தகத்தையும் வாங்கி, இரவு வேலை முடிந்து வரும் ரயிலில் மாதக்கணக்காக வாசித்து முடித்தேன்.

அதுதான் அலெக்சாந்தர் தூமா எழுதிய "மொந்தே கிறிஸ்தோ பிரபு". ஒகுஸ்த் மாக்கே என்பவர் அதன் ஆக்கத்தில் அவருக்கு உதவினார். 1844 முதல் 1846 வரை ஒரு பாரிஸ் நாளேட்டில் தொடர்கதையாக வந்தது. தூமாவின் பாட்டி, இன்று ஹெயிற்றி என்று சொல்லும் நாட்டில் அடிமையாக இருந்த கறுப்பினப் பெண். தூமாவின் தந்தை பிரெஞ்சுப் படையில் ஜெனரல். இத்தாலியில் இரண்டு வருடம் சிறை வைக்கப்பட்டு, உடல் நலிந்து வீடு திரும்பி, மகனுக்கு நாலு வயது ஆகுமுன் இறந்துபோனார். இருட்டறையில் அடைபட்ட மனிதனைப் பற்றி எழுத, அந்த மகனுக்கு வீட்டிலேயே காரணம் இருந்தது.

கதை 1815ஆம் ஆண்டு மார்செய் துறைமுகத்தில் தொடங்குகிறது. எட்மோன் தாந்தேஸ் 19 வயது மாலுமி. ஃபராவோன் என்ற கப்பலுக்குக் கப்டனாகப் போகிறான். மெர்செதேஸ் என்ற பெண்ணோடு கல்யாணம் பேசியாகிவிட்டது. அந்தப் பதவியில் பொறாமை கொண்டவன் கப்பலின் கணக்கன் டாங்லார். அந்தப் பெண்ணை விரும்பியவன் ஃபெர்னான். இருவரும் ஒரு மேசையில் இருந்து, தாந்தேஸ் நெப்போலியனின் ஆள் என்று பெயர் போடாத கடிதம் எழுதுகிறார்கள். பக்கத்தில் அயல்வீட்டுக் கதரூஸ் குடிவெறியில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். டாங்லார் அந்தக் கடிதத்தை இடது கையால் எழுதுகிறான், கையெழுத்து தெரியக்கூடாது என்பதற்காக. பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். இந்த நாவலில் முதல் வேடம் போட்டது தாந்தேஸ் அல்ல. முதல் வேடம் போட்டது அந்த இடது கை.

கல்யாணப் பேச்சு விருந்தன்றே தாந்தேசைப் பிடித்துப் போகிறார்கள். விசாரித்த அதிகாரி வில்ஃபோருக்கு அவன் குற்றமற்றவன் என்று தெரியும். ஆனால் அவன் கொண்டுவந்த கடிதம் வில்ஃபோரின் சொந்தத் தகப்பன் பெயருக்கு இருந்தது. அது வெளியே வந்தால் தன் உத்தியோகம் போய்விடும். கடிதத்தை எரித்துவிட்டு, பையனைக் கடல் நடுவே இருக்கும் இஃப் கோட்டைக்கு அனுப்புகிறான். அந்தக் கோட்டை இன்றும் மார்செய் கரைக்கு எதிரே நிற்கிறது.

14 வருடங்கள். அங்கே ஃபாரியா பாதிரியார் என்ற கைதி சுரங்கம் தோண்டி, தவறுதலாகத் தாந்தேசின் அறைக்குள் வருகிறார். அவனுக்கு மொழிகளும் கணக்கும் சரித்திரமும் கற்பிக்கிறார். யார் யார் அவனுக்குத் துரோகம் செய்தார்கள் என்பதையும் அவரே கேள்வி கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். கொடுத்த மறுகணமே மனம் வருந்துகிறார். உன் மனதில் முன்பு இல்லாத பழியுணர்ச்சியை நான் போட்டுவிட்டேனே என்கிறார். பாதிரியார் இறந்தபின், பிணத்தை வைத்துத் தைத்த சாக்குக்குள் தாந்தேஸ் புகுந்துகொள்கிறான். காலில் இரும்புக் குண்டு கட்டிக் கடலில் எறிகிறார்கள். அவன் சாக்கைக் கிழித்துக்கொண்டு நீந்தித் தப்புகிறான்.

தப்பிய பின் இத்தாலியில் ஒரு முடி திருத்துபவரிடம் போகிறான். 14 வருடத்துக்குப் பிறகு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறான். அவனுக்கே அது அந்நிய முகம். அந்த வேடத்தை அவன் தேடிப் போடவில்லை, துன்பம் போட்டுவிட்டது. ஊரைவிட்டு வந்து, முதல் பத்து வருடம் எப்படிப் போனது என்று தெரியாமல் உழைத்து, ஒருநாள் பழைய படத்தை எடுத்துப் பார்த்த பெரியவர்களுக்கு இந்த இடம் விளங்கும்.

ஃபாரியா காட்டிய புதையல் மொந்தே கிறிஸ்தோ தீவில் கிடைக்கிறது. அதன் பிறகுதான் அவன் தானாக வேடம் போடத் தொடங்குகிறான். புசோனி என்ற பாதிரியார் வேடத்தில் போய்க் கதரூசிடம் உண்மையைக் கேட்டு அறிகிறான். தன் வயதான தகப்பன் பசியால் செத்தார் என்பதும், முதலாளி மோரெல் அந்த வீட்டில் சிவப்புப் பட்டுப் பணப்பையை வைத்துவிட்டுப் போனார் என்பதும் அங்கேதான் தெரிகிறது. அடுத்து ஓர் ஆங்கில வர்த்தக நிறுவனத்தின் எழுதுவினைஞன் வேடம். மோரெல் கடனில் மூழ்கி, உயிரை விடத் துணிந்த நேரத்தில், 287,500 பிராங்க் கடன் பத்திரம் தீர்க்கப்பட்டு, அதே சிவப்புப் பையில் அவரிடம் திரும்பி வருகிறது. யார் கொடுத்தது என்று மோரெலுக்குக் கடைசிவரை சொல்லப்படவில்லை. தான் யார் என்று காட்டாமல் செய்த இந்த உதவி எனக்கு மிகவும் பிடித்த இடம். மறைந்து நிற்பது எப்போதும் பாவம் அல்ல என்று அது சொல்கிறது.

1838இல் மொந்தே கிறிஸ்தோ பிரபு என்ற பெயரில் பாரிசுக்கு வருகிறான். மூன்று பகைவரும் பெரிய மனிதர்கள் ஆகிவிட்டார்கள். அவர்கள் வீட்டு விருந்துகளில் அவன் கதிரை போட்டு இருக்கிறான். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. மெர்செதேசுக்கு மட்டும் தெரிகிறது, அதுவும் குரலால். அவள் இப்போது ஃபெர்னானின் மனைவி. ஒரு விருந்தில் அவள் திராட்சையைத் தன் கையால் நீட்டுகிறாள். அவன் வாங்கவில்லை. பகைவன் வீட்டில் உப்பும் அப்பமும் சாப்பிட்டால் பிறகு அவனுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்பது கிழக்கு நாட்டு வழக்கம். உப்பிட்டவரை மறக்கக்கூடாது என்று நம் அம்மாமார் சொல்வதும் அதே எண்ணம்தான். கையை நீட்டாமல் அவன் நின்ற நிலையிலேயே, ஏதோ நடக்கப் போகிறது என்று அவள் புரிந்துகொள்கிறாள்.

பழி ஒவ்வொன்றாக முடிகிறது. ஃபெர்னானின் பழைய துரோகம் சபை நடுவே வெளிப்பட, அவன் தன்னையே சுட்டுக்கொள்கிறான். வில்ஃபோரின் வீட்டில்தான் கதை திரும்புகிறது. ஒரு தாதியாக நான் புத்தகத்தை மூடிவைத்த இடமும் அதுதான்.

முன்பு ஒருநாள் வில்ஃபோரின் சின்ன மகன் எதுவார் குதிரை வண்டி விபத்தில் மயங்கிக் கிடந்தபோது, பிரபு ஒரு துளி மருந்தால் அவனை எழுப்பினான். தாய் ஆச்சரியப்பட்டு அந்த மருந்தைப் பற்றிக் கேட்டாள். அளவோடு கொடுத்தால் உயிர், மீறினால் மரணம் என்று அவளுக்கு விளக்கமாகச் சொன்னான். அவள் சொத்துக்காக வீட்டிலேயே நஞ்சு வைக்கத் தொடங்கினாள். பகைவன் வீடு தானாக இடியட்டும் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவள் பிடிபட்டபோது, தானும் நஞ்சு குடித்துப் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டாள். அதே நேரத்தில் பிரபு பாதிரியார் வேடத்தில் அங்கே வந்து, பொய்முடியைக் கழற்றி, "நான் எட்மோன் தாந்தேஸ்" என்கிறான். வில்ஃபோர் அவன் கையைப் பிடித்துக்கொண்டுபோய் இரண்டு உடல்களையும் காட்டுகிறான். பிரபு அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடி, கால் மணி நேரம் உயிர் கொடுக்கப் பாடுபடுகிறான். முடியவில்லை. வெளியே வந்து பார்த்தால் வில்ஃபோர் புத்தி பேதலித்துத் தோட்டத்தில் மண்ணைக் கிண்டிக்கொண்டிருக்கிறான்.

அதுவரை தன்னைக் கடவுளின் கை என்று நினைத்திருந்தவன், அன்று முதல் தடவையாகச் சந்தேகப்படுகிறான். எதுவார் அவனுக்கு என்ன செய்தான்? தாந்தேஸ் சிறைக்குப் போனபோது அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை. ஊசி மருந்து ஏற்றும்போது ஒரு நரம்பைத்தான் நாங்கள் தேடுகிறோம், ஆனால் மருந்து உடம்பு முழுக்க ஓடுகிறது. பழியும் அப்படித்தான். ஒருவனுக்குக் குறிவைத்தாலும் அந்த வீடு முழுவதும் போய்விடும்.

இனி என் கதை. நோயாளர் பற்றி வெளியே கதைக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. ஆகவே யார், எங்கே என்று தெரியாதபடி, சில விபரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

நான் இங்கே வந்து மொழி படித்து, மூன்று வருடத் தாதியர் கல்வி முடித்து, வேலைக்குச் சேர்ந்த புதிது. என் மகளுக்கு அப்போது ஆறு மாதம். ஒருநாள் ஒரு நோயாளருக்கு மத்தியான ஊசி போடப்படவில்லை. போட்டுவிட்டேன் என்று என்னிடம் வாயால் சொன்னவர் என்னிலும் மூத்த ஒரு தாதி. மேலிடத்துக்கு அவர் எழுதிக் கொடுத்ததோ, இந்தப் பெண்ணுக்கு மொழி விளங்கவில்லை, அவள்தான் விட்டுவிட்டாள் என்று. என்னை மறுபடி பரீட்சித்தார்கள். பல மாதம் இரவு வேலைக்கு மாற்றினார்கள். பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போன அந்த இரவுகளை நான் மறக்கவில்லை. என் உச்சரிப்பை அவர் பகிடி பண்ணியதையும் மறக்கவில்லை.

பத்து வருடத்துக்கு மேல் போனது. 2020 வந்தது. நான் வேறு வைத்தியசாலையில் இருந்தேன். ஒரு மாலை நோயாளர் பட்டியலில் அவருடைய பெயர். அறைக்குள் போனேன். முகக்கவசம், கண்ணாடி, தொப்பி, பாதுகாப்பு அங்கி. அவருக்கு என்னைத் தெரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தார்.

அந்த நாட்களில் நோயாளர் பயப்படக்கூடாது என்று எங்கள் பெயரைப் பெரிதாக எழுதி அங்கியில் ஒட்டிக்கொள்வோம். அவருடைய அறைக்குப் போகும்போது மட்டும் நான் ஒட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் இரவு அவர், "உங்கள் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேன்" என்றார். "இங்கே எல்லாருடைய குரலும் ஒன்றுபோலத்தான் கேட்கும்" என்றேன். அது பொய். அந்தப் பொய்யில் எனக்கு ஓர் இனிப்பும் இருந்தது. நான் யார் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மொந்தே கிறிஸ்தோ பிரபு அத்தனை வருடம் எதைச் சாப்பிட்டு வாழ்ந்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது.

அன்று இரவு அவர் மணி அடித்தார். நான் உடனே போயிருக்கலாம். பக்கத்துக் கட்டிலின் துணியைச் சரிசெய்துவிட்டுப் போனேன். இரண்டு நிமிடம்தான். அவர் தண்ணீருக்குத்தான் அடித்திருந்தார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூச்சுக்கு அடித்திருந்தால்? ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாத இரண்டு நிமிடம் அது, பெயர் போடாத கடிதத்தைப் போல. நானும் இடது கையால் எழுதத் தொடங்கிவிட்டேன் என்று விளங்கியது. உடை மாற்றும் அறைக்குப் போய் இருந்து அழுதேன். பிறகு பெயரை எழுதி ஒட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

அவர் வாசித்தார். கன நேரம் என்னைப் பார்த்தார். "முதல் நாளே தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும்" என்றேன். மன்னிப்புக் கேட்டாரா என்று பிள்ளைகள் கேட்பீர்கள். இல்லை. நானும் கேட்கவில்லை. தலையணையை உயர்த்தி வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். பத்து நாளில் சுகமாகி வீட்டுக்குப் போனார். எனக்குச் செய்தது சரியாகிவிடவில்லை. இன்றும் நினைத்தால் நெஞ்சு கொதிக்கும். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தோடு நான் நின்றுவிட்டேன். அதற்காகத் தினமும் நன்றி சொல்கிறேன்.

நமக்குத் தெரிந்த யோசேப்பும் வேடம் போட்டவர்தான். எகிப்தில் சகோதரர்கள் முன்னால் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசினார், பென்யமீனின் சாக்கில் வெள்ளிக் கிண்ணத்தை ஒளித்தார். அவரும் சோதித்தார், அவரும் தாமதித்தார். ஆனால் கடைசியில் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அழுதுகொண்டு தன் பெயரைச் சொன்னார். கட்டிப்பிடிப்பதற்காகச் சொன்னார். தாந்தேஸ் ஃபெர்னானிடமும் வில்ஃபோரிடமும் தான் யார் என்று காட்டியது விழுத்துவதற்காக. டாங்லார் கடைசி ஆள். அவனைக் கொள்ளையரிடம் சிக்கவைத்து, ஒரு கோழிக்கு ஒரு லட்சம் பிராங்க் என்று விலை சொல்லிப் பட்டினி போடுகிறான். ஆனால் எதுவாரின் சாவுக்குப் பிறகு அவனால் முன்போல முடியவில்லை. டாங்லாரிடம் தன் பெயரைச் சொல்லும்போது மன்னிப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறான்.

பிள்ளைகளே, பள்ளியில் உங்களை ஒருவர் பொய்யாக மாட்டிவிட்டால் பேசாமல் இருக்கச் சொல்லவில்லை. ஆசிரியரிடம் போய் உங்கள் பெயரிலேயே உண்மையைச் சொல்லுங்கள். நான் அன்று எனக்காக அப்படிப் பேசாதது என் பிழை. பேசியிருந்தால் பத்து வருடம் அதைச் சுமந்திருக்க மாட்டேன். பொய்க் கணக்கில் இருந்து, பெயர் போடாமல், மற்றவரை விழுத்த ஒரு செய்தி எழுதக் கை போனால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள்.

பெரியவர்களே, ஊரிலும் இங்கேயும் நமக்கு அநியாயம் செய்தவர்கள் உண்டு. சில பேருடைய பெயரைச் சொன்னாலே இரவு நித்திரை வராது. அவர்களில் ஒருவர் நாளைக்கு நம் கைக்குள் வரக்கூடும், நம்மை அடையாளம் தெரியாமல். அந்த நேரத்தில் பெயரை ஒட்டிக்கொண்டு உள்ளே போகும் பலம் நம் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.