சும்மா இருப்பவர்களின் கணக்கு



யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்த ஆசிரியை பழைய மாணவிகளைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருப்பார் என்று குடும்பத்தார் சொன்னார்கள். பெரும்பாலும் அவருக்குக் கிடைத்த பதில், "வீட்டுல சும்மாதான் இருக்கா டீச்சர்." அந்தச் 'சும்மா'வுக்குள் எத்தனை ஆண்டுக் காத்திருப்பு இருக்கிறது என்று இந்தியாவையும் இலங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் நம் நாட்டு எண்கள். 2023-24ஆம் ஆண்டுக்கான காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் வேலையின்மை ஆண்களிடம் 3.2 விழுக்காடு, பெண்களிடமும் 3.2 விழுக்காடு. இடைவெளியே இல்லை. இலங்கையிலோ பெண்களின் வேலையின்மை பல ஆண்டுகளாகவே ஆண்களைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. உயர்தரம், அதாவது நம் மேல்நிலைக்கு ஈடான படிப்பு, முடித்த பெண்களிடம் அது இன்னும் அதிகம். இதை மட்டும் பார்க்கிற ஒருவர், பெண்ணுக்கு வேலை கிடைக்கிற நாடு இந்தியா என்றுதான் முடிவு கட்டுவார். அந்த முடிவு தவறு என்பது என் உறுதியான கருத்து.

வேலை இல்லாமல் இருப்பது ஒன்று, வேலையற்றவர் என்று எண்ணப்படுவது வேறொன்று. நம் கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. வேலை தேடுபவர் அல்லது கிடைத்தால் செய்யத் தயாராக இருப்பவர் 81. வீட்டு வேலை மட்டும் செய்பவர் 92. ஒரு பெண்ணுக்கு 81 போட்டால் அவள் வேலையற்றவள். 92 போட்டால் தொழிலாளர் கணக்கிலேயே அவள் கிடையாது. பல வீடுகளில் பதில் சொல்வது அவளல்ல, மாமனாரோ கணவரோதான். "மருமக என்ன பண்றாங்க?" "வீட்டுலதான் இருக்கு." பி.எட். முடித்த பெண் அந்த ஒரு வரியில் 92 ஆகிவிடுகிறாள்.

நெடுங்கால வேலையின்மை என்றால் பன்னாட்டு வழக்கில் ஓராண்டோ அதற்கு மேலோ வேலை தேடிக்கொண்டிருப்பது. இந்த அளவுகோல் ஆணின் வாழ்க்கைக்குப் பொருந்துகிறது. அவன் படித்து முடித்த நாளிலிருந்து தேடிக்கொண்டே இருப்பான். பெண்ணின் தேடல் கல்யாணத்தில் ஒரு முறை அறுபடும், பிரசவத்தில் ஒரு முறை, மாமியார் படுக்கையில் விழுந்தால் இன்னொரு முறை. பத்து ஆண்டு வேலைக்கு ஏங்கியவளுக்கும் தொடர்ச்சியாகத் தேடிய காலம் எட்டு மாதம் என்று நிற்கும். கணக்கில் அவள் நெடுங்காலம் காத்திருந்தவள் ஆவதே இல்லை.

இலங்கையில் மட்டும் அந்தக் காத்திருப்பு ஏன் கண்ணுக்குத் தெரிகிறது? அங்கே இலவசக் கல்வி 1945இல் வந்துவிட்டது. இன்று பல்கலைக்கழகம் புகுவோரில் பாதிக்கும் மேல் பெண்கள். படித்த இளைஞரின் வேலையின்மை அரசுக்கு எதிரான 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று. அதே ஆண்டு பொருளியலாளர் டட்லி சீர்ஸ் தலைமையில் வந்த பன்னாட்டுத் தொழில் அமைப்பின் குழு, படிப்பு வளர்த்த எதிர்பார்ப்புக்கும் இருக்கிற வேலைக்கும் உள்ள பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டியது. அதன்பின் பட்டதாரிகளை அரசே அவ்வப்போது தொகுதி தொகுதியாக எடுத்துக்கொண்டது. 2017இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் உட்கார்ந்து போராடினார்கள். அரச வேலை என்றாவது வரும் என்ற நம்பிக்கை இருக்கும் ஊரில், 'நான் வேலையற்ற பட்டதாரி' என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெண்ணுக்குப் பயன் இருக்கிறது. அங்கேயும் உழைப்புச் சந்தையில் இருக்கும் பெண்கள் மூன்றில் ஒரு பங்குதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். மறைந்திருப்பவர்கள் அங்கேயும் ஏராளம்.

தமிழ்நாட்டில் நம்மிடமும் ஒரு காலத்தில் அந்தப் பயன் இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 'பதிஞ்சு வச்சா' மூப்பு ஏறும், மூப்புப்படி ஆசிரியர் வேலை வரும். அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூன்றாண்டுக்கொரு முறை ரினிவல் செய்து, பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்திருந்த பெண்களை எனக்குத் தெரியும். 2012இல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்ததும் மூப்பின் மதிப்பு போயிற்று. தேர்வு தேவையில்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் காத்திருந்த ஆண்டுகளுக்கு இருந்த ஒரே சாட்சி அன்று செல்லாததாயிற்று. மிச்சம் இருப்பது வேலையற்ற இளைஞர் உதவித்தொகை: பதிந்து ஐந்தாண்டு காத்திருந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். அதற்கும் பொதுவாக 40 வயது வரம்பு. பிள்ளைகளை வளர்த்துவிட்டு மறுபடி கிளம்புகிற பெண் அந்த வரம்பில் முட்டி நிற்கிறாள்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் ஒரு கொட்டகையில் சில மாதங்களுக்கு முன் ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். சாம்பல் தொட்டுத் தொட்டுத்தான் உடைக்கிறார். அப்படியும் ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்திருந்தது. சிதம்பரத்தில் எம்.ஏ., பிறகு பி.எட். கணக்கெடுப்பின் கண்ணில் இவர் வேலை உள்ளவர். இந்தியப் பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017-18இல் 23.3 விழுக்காடாக இருந்தது, 2023-24இல் 41.7 ஆயிற்று என்று மகிழ்கிறோம். அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி சொந்த வேலையும் குடும்பத் தொழிலில் கூலியில்லா உதவியும்தான். முந்திரி உடைக்கும் இவர், 92 என்று எழுதப்பட்ட மருமகள், யாழ்ப்பாணத்து வீதியோரத்தில் உட்கார்ந்த பட்டதாரி: மூவரும் படித்தவர்கள், மூவரும் படிப்புக்கேற்ற வேலைக்குக் காத்திருப்பவர்கள். மூவரில் வேலையற்றவர் என்ற பெயர் ஒருவருக்குத்தான் கிடைத்திருக்கிறது.

கணக்கெடுப்பவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. பெண்ணைப் பற்றிய பதிலைப் பெண்ணிடமே கேளுங்கள். எத்தனை மாதமாகத் தேடுகிறாய் என்பதோடு, படித்து முடித்ததிலிருந்து எத்தனை ஆண்டு வேலைக்கு ஆசைப்பட்டும் கிடைக்காமல் இருந்தாய் என்றும் கேளுங்கள். விட்டுவிட்டுத் தேடியதையும் கூட்டிப் போடுங்கள்.

அந்தக் கொட்டகையிலிருந்து நான் கிளம்பும்போது அவர் சாம்பல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "சார், நீங்க படிச்சவங்க, தெரிஞ்சிருக்கும். என் பதிவு ரினிவல் தேதி தவறிப்போச்சு. ஆன்லைன்ல மறுபடி போட முடியுமா?" என்று கேட்டார்.