பாஸ் கேட்ட மலை ரோடு

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம். பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போக யார்கிட்டயாவது அனுமதி வாங்கணுமா?

கம்பம் பள்ளத்தாக்குல இதைக் கேட்டா சிரிப்பாங்க. விடியறதுக்கு முன்னாடியே அங்க ஜீப் கிளம்பிடும். போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளின்னு மூணு மலை ரோடு. மேல போனா இடுக்கி மாவட்டம், ஏலத்தோட்டம், தினக்கூலி. பொழுது சாய வீடு திரும்பிடுவாங்க. தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோட சேரணும்னு போராட்டமே நடந்திருக்கு. 1956 நவம்பர் 1-ல அதெல்லாம் கேரளாவுலதான் அமைஞ்சது. ஆனாலும் வேலைக்குப் போறது நிக்கல.

நின்னது 2020 மார்ச் 25-ல. ஊரடங்கு.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தளர்வு வந்தது, கூடவே பாஸும் வந்தது. கேரளாவுக்குள்ள போகணும்னா ‘கோவிட் ஜாக்ரதா’ தளத்துல பதிவு பண்ணணும். இந்தப் பக்கம் வர தமிழ்நாட்டு இ-பாஸ். வெளி மாநிலத்துல இருந்து வந்தா 14 நாள் தனிமை. சென்னையில இருந்து கொச்சிக்கு ஒரு தடவை போறவருக்கு இது தொல்லை, அவ்வளவுதான். காலையில ஏறி சாயங்காலம் இறங்குற தோட்டத் தொழிலாளிக்கு? ஒரு நாள் கூலிக்கு 14 நாள் வீட்டுல உட்கார முடியுமா?

2021 ஆகஸ்ட் 5-ல இருந்து கேரளாவுல இருந்து தமிழ்நாட்டுக்குள்ள வர ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ் சான்று, இல்லன்னா ரெண்டு டோஸ் போட்ட சான்று வேணும்னாங்க. டெஸ்ட் 72 மணி நேரத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும். தினம் போய் வர்றவர், மூணு நாளைக்கு ஒரு டெஸ்ட்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

நோயைத் தடுக்கத்தான் விதி. அது நியாயம். அரசியல் சாசனத்தோட 19-வது பிரிவு நாடு முழுக்கப் போய்வர உரிமை தருது, பொதுநலனுக்காக அதைக் கட்டுப்படுத்தவும் இடம் விடுது. சிக்கல் என்னன்னா, விதி எழுதினவங்க மனசுல இருந்தது ‘பயணி’. தினம் ரெண்டு தடவை எல்லை தாண்டுற ஆள் அந்தப் படிவத்துலயே இல்ல.

அயர்லாந்தைப் பாருங்க. அந்த நாட்டுக் குடிமக்கள் பிரிட்டனுக்குப் போக விசா வேண்டாம். 2025 ஏப்ரல் 2 முதல் மத்த ஐரோப்பியர்கள் வாங்க வேண்டிய ‘ஈடிஏ’ மின்னணு அனுமதியும் இவங்களுக்கு வேண்டாம். 1920-கள்ல இருந்து இருக்கிற பொதுப் பயணப் பகுதி ஏற்பாடு அது. அங்கயும் ரெண்டாம் உலகப்போர் வந்தப்போ பயண அனுமதி அட்டை வந்தது. பழைய நிலை முழுசா திரும்ப 1952 ஆச்சு. இன்னைக்கும் டப்ளின்ல வேலை பார்க்குற இந்தியக் குடிமகன் பெல்ஃபாஸ்ட் போக பிரிட்டன் விசா எடுக்கணும். ஒரே பஸ்தான், பக்கத்து சீட்டு ஐரிஷ்காரருக்கு எதுவும் வேண்டாம். ரோட்டுல கேட் இருக்காது, ஆனா விதி இருக்கும்.

அதனால அடுத்த தடவை ஏதாவது படிவம் ‘எத்தனை நாள் தங்குவீர்கள்?’னு கேட்டா, ஒரு நிமிஷம் யோசிங்க. தங்கவே போகாதவங்க, சாயங்காலம் சமைக்க வீடு திரும்புறவங்க, அந்தக் கட்டத்துல என்ன எழுதுவாங்க? அடுத்த அவசரம் வர்றதுக்குள்ள அவங்களுக்குன்னு ஒரு கட்டம் போட்டு வச்சிடணும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.