பராமரிப்பவரின் பாரமும் பக்கத்து வீட்டாரின் பங்கும்



பக்கவாதம் ஒருவரைப் படுக்கையில் வீழ்த்துகிறது. ஆனால் அவ்வீட்டில் இருவருடைய உழைப்பு நின்றுவிடுகிறது. நோயாளிக்கு மருத்துவர் உண்டு, மருந்து உண்டு, விசாரிக்க வருவோரும் உண்டு. அவரைப் பராமரிப்பவருக்கு யார் உண்டு என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய வினாவாகும்.

கம்பம்மெட்டின் நிலையை எடுத்துக்கொள்வோம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, இந்த எல்லையைக் கடந்து ஏலத்தோட்டங்களுக்கு வரும் பெண்கள் நாட்கூலி பெறுவோர். கணவரோ மாமியாரோ பக்கவாதத்தில் விழுந்தால், அவர்களுடைய கூலி மறுநாளே நின்றுவிடும். படுக்கைப்புண் வராதிருக்க ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். விழுங்க இயலாதவரை நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். செயலிழந்த கையைப் பற்றி இழுக்காமல் தூக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவிலும் இப்பணிக்கு ஓய்வில்லை.

இத்தனை உழைப்பும் நமது வேலைவாய்ப்புக் கணக்கில் இடம்பெறுவதில்லை. வீட்டுப்பணியில் மட்டும் ஈடுபட்டிருப்பவர் உழைப்புப் படைக்கு வெளியே உள்ளவராகவே கருதப்படுகிறார். 2019ஆம் ஆண்டில் நடந்த தேசிய அளவிலான நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமற்ற பராமரிப்பு நேரத்தையும் அளந்தது. கணக்கில் வந்த உழைப்பு திட்டத்திலும் இடம்பெறுவதே முறையாகும்.

பண உதவி ஒரு வழி. கேரள அரசின் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டம் முழுநேரப் பராமரிப்பாளருக்கு மாதம் 600 ரூபாய் என வகுத்தது. நோக்கம் பாராட்டுக்குரியது. ஆயினும் மாதத்தை முப்பது நாளாகக் கொண்டால் இது நாளொன்றுக்கு இருபது ரூபாயாகும். இழந்த கூலியை இது ஈடுசெய்யாது.

பயிற்சி மற்றொரு வழி. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்று 2017இல் வெளியாயிற்று. குடும்பத்தாருக்கு மறுவாழ்வுப் பயிற்சி தரப்பட்ட பிரிவிலும் தரப்படாத பிரிவிலும், ஆறு மாதங்களுக்குப் பின் இறந்தோரும் பிறரைச் சார்ந்திருந்தோரும் ஒரே அளவினராக, 47 சதவீதமாக இருந்தனர். வீட்டார் தோளில் மேலும் ஒரு பொறுப்பை ஏற்றுவது மட்டும் தீர்வாகாது என்றே இதிலிருந்து நான் கருதுகிறேன். பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளக் கைகள் வேண்டும்.

அதற்கு முன்னுதாரணம் கேரளத்திலேயே உள்ளது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சைப் பணி, மலப்புறம் மாவட்டத்தில் அண்டை அயலார் வலையமைப்பாக வளர்ந்தது. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக் கூடியவர்களே அதன் தொண்டர்கள்; அவர்களுக்கு 16 மணி நேர வகுப்பும் செய்முறைப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. 2008இல் மாநில அரசு இதற்கெனக் கொள்கையே வகுத்தது.

இந்த இரண்டு மணி நேரத்தின் பொருளாதாரத்தைக் கவனியுங்கள். பத்துப் பேர் கொண்ட குழு வாரத்திற்கு 20 மணி நேரம் தரமுடியும். அது இரண்டரை வேலை நாள். அப்பெண் இரண்டு நாள் கூலிக்குச் செல்லலாம், அல்லது சற்றே உறங்கலாம். இதனால் நோய் குணமாகிவிடும் என்று நான் கூறவில்லை. பராமரிப்பவர் நொடிந்துபோகாமல் காக்கலாம் என்றே கூறுகிறேன்.

இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. எல்லைக்கு இப்பால் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள் உள்ளன. அப்பால் தமிழகத்தின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் உள்ளன. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் அக்குழுக்களிலிருந்தே வந்தவர்கள். சேமிப்பையும் கடனையும் பேசும் கூட்டத்தில், ‘இந்த வாரம் எந்த வீட்டில் யார் இருப்பது?’ என்ற வினாவையும் சேர்த்தால் போதும். நோயாளியைத் தூக்கவும் திருப்பவும் ஊட்டவும் அரசு செவிலியர் கற்றுத்தர வேண்டும். பெண்கள் மட்டுமன்றி ஆண்களும் முறைவைத்துப் பங்கேற்க வேண்டும்.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடும்ப அட்டை ஒரு மாநிலத்திலும் குடியிருப்பு மறுமாநிலத்திலும் உள்ளவர் இரு பட்டியல்களிலும் விடுபட இடமுண்டு. இரு பக்கத்துச் சுகாதாரப் பணியாளரும் தங்கள் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்தால் இக்குறை நீங்கும். நோயாளியின் பெயருக்கு எதிரே பராமரிப்பவரின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்குச் செல்லும்போது, “நீங்கள் உறங்கி எத்தனை நாளாயிற்று, அம்மா?” என்று அவரையும் கேளுங்கள். அவரும் நம் பொறுப்பில் உள்ளவரே.