ரசிகரும் கட்சியும்

மேனாட்டு இளைஞரிடையே அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீராதிருக்கும் வழக்கு ஒன்று உண்டு. பீற்றில்ஸ் குழுவினர் சிறந்தவரா, றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் சிறந்தவரா என்பதே அது. றொக் எனப்படும் இசையைக் கேட்டுப் பழகாத நேயர்களுக்கு இஃது அற்ப விடயமாகத் தோன்றக்கூடும். ஆயினும், ஒன்றை விரும்புகின்ற ஒருவன் அதற்காக மற்றொன்றை ஏன் இகழவேண்டும் என்னும் வினா எல்லாக் கலைகளுக்கும் பொதுவானது. அவ்வினாவை ஆராய்வதற்கு இவ்வழக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

பீற்றில்ஸ் குழு லிவர்பூல் என்னும் துறைமுக நகரிலே தோன்றியது. ஜோன் லெனன், போல் மக்காட்னி, ஜோர்ஜ் ஹரிசன், றிங்கோ ஸ்ரார் ஆகிய நால்வரும் 1962ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதம் முதல் ஒருங்குசேர்ந்து இசைத்தனர். அதே ஆண்டு யூலை மாதத்திலே றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் லண்டனிலுள்ள மாக்கீ மன்றத்தில் முதன்முறையாக மேடையேறினர். அக்குழுவின் மிக் ஜாகரும் கீத் றிச்சட்ஸும் டாட்போட் என்னும் ஊரைச் சேர்ந்தவர்கள். 1961இலே அவ்வூர்ப் புகையிரத நிலையத்தில் ஜாகர் கையில் வைத்திருந்த அமெரிக்க இசைத்தட்டுகளைக் கண்டே றிச்சட்ஸ் அவரோடு பேசத் தொடங்கினார் என்பது அவர்களின் வரலாறு.

இவ்விரு குழுக்களையும் ரசிகர் எவ்வாறு வேறுபடுத்தி அறிந்தனர்? பீற்றில்ஸ் நால்வரும் நல்ல பிள்ளைகள், மற்றவர் முரடர் என்றே அக்காலத்து இங்கிலாந்திற் பலர் எண்ணினர். இந்த எண்ணம் தானாக வளர்ந்ததன்று. பீற்றில்ஸ் குழுவின் நிருவாகி பிறையன் எப்ஸ்ரைன் தம்மவருக்கு ஒரேவிதமான உடை அணிவித்துப் பாட்டு முடிந்ததும் தலைதாழ்த்தி வணங்கவும் பழக்கினார். அவரிடம் சிறிது காலம் விளம்பரப் பணி புரிந்த அன்ரூ ஓல்டம் என்னும் இளைஞர், 1963ஆம் ஆண்டில், தமது பத்தொன்பதாம் வயதிலே, றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் நிருவாகியானார். பீற்றில்ஸ் எதுவோ, அதற்கு நேர்மாறாகத் தம் குழு தோன்றவேண்டும் என்பது அவர் கண்ட உபாயம். 1964ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே மெலடி மேக்கர் என்னும் இசைப் பத்திரிகை, இவர்களோடு தம் வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்ப எவரேனும் உடன்படுவரோ என்ற கருத்திலே தலைப்பிட்டு எழுதியது. இத்தகைய எழுத்து அக்குழுவுக்குத் தீங்கு செய்யவில்லை; விளம்பரமே செய்தது.

உண்மை நிலை வேறு. நல்ல பிள்ளைகள் எனப்பட்ட பீற்றில்ஸ், 1960 முதலாக ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்து இரவு விடுதிகளிலே, கறுப்புத் தோலாடை தரித்து, நாள்தோறும் பல மணி நேரம் வாசித்து உரமேறியவர்கள். முரடர் தலைவர் எனப்பட்ட ஜாகரோ உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரின் மைந்தர். லண்டன் பொருளியற் கல்லூரியிலே பயின்றவர். ஆகவே, ரசிகர் தம் கட்சியின் கொடியாகத் தூக்கிய வேறுபாட்டிற் பெரும்பகுதி ஒப்பனையேயாம்.

இசைவாணரிடையே பகைமை நிலவியதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. டெக்கா இசைத்தட்டுக் கம்பனி 1962இலே பீற்றில்ஸ் குழுவை வேண்டாமென்று மறுத்திருந்தது. அக்கம்பனியின் அலுவலரான டிக் றோவிடம், அடுத்த ஆண்டிலே, றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவைக் கேட்டுப்பாருங்கள் என்று கூறியவர் பீற்றில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன். அவ்வாண்டு செப்ரெம்பரிலே லெனனும் மக்காட்னியும் மற்றக் குழுவினரின் ஒத்திகைக்கே சென்று, பாட்டொன்றை அவர்கள் முன்னிலையிலே எழுதி முடித்துக் கொடுத்தனர். இரு குழுக்களின் இசைத்தட்டுகளும் ஒரே வேளையில் வெளிவந்து மோதாதவாறு தமக்குள் பேசி ஒழுங்குசெய்ததாக றிச்சட்ஸ் பிற்காலத்திற் கூறியுள்ளார். 1967ஆம் ஆண்டு யூன் 25ஆம் நாள் பல நாடுகளுக்கும் ஒரே வேளையில் ஒளிபரப்பப்பட்ட நிகழ்ச்சியிலே பீற்றில்ஸ் பாடியபோது, ஜாகரும் றிச்சட்ஸும் அந்தக் கூடத்திலே வீற்றிருந்தனர். வெளியே ரசிகர் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்தனர். ஊர் இரண்டுபட்டாற் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்னும் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேண்டுமோ? கூத்தாடியோடு, பத்திரிகை விற்றவருக்கும் இசைத்தட்டு விற்றவருக்கும் அது கொண்டாட்டமாயிற்று.

இனி, இரு கட்சியாரின் வாதங்களையும் காய்தல் உவத்தலின்றிக் கேட்கலாம். பீற்றில்ஸ் கட்சியார் அக்குழுவின் வளர்ச்சியை முன்வைப்பர். 1962இலே எளிய காதற் பாட்டோடு தொடங்கியவர்கள், 1965இலே நான்கு தந்தி வாத்தியங்களின் துணையோடு பாடினர், இந்தியச் சித்தாரையும் கையாண்டனர், 1966 ஆகஸ்ற் மாதத்தோடு இசைப் பயணங்களைக் கைவிட்டு, ஒலிப்பதிவுக் கூடத்தையே ஒரு வாத்தியமாக்கினர், 1970இலே பிரிந்தனர். எட்டு ஆண்டுகளுக்குள் இத்தனை தூரம் சென்றவர் எவர் என்பது அவர்கள் வினா. எதிர்க்கட்சியார் மேடையை முன்வைப்பர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையை விடாது பற்றிநின்ற உறுதி, சார்லி வாற்ஸின் முரசொலி, கேட்போரின் உடலை அசைவிக்கும் தாளம், அறுபது ஆண்டுகளைக் கடந்தும் கலையாத கூட்டு, இவை வேறு எவரிடம் உண்டு என்பது அவர்கள் வினா.

இரண்டு வாதங்களும் வலியனவே. ஆயினும் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒருவர் கையிலே முழக்கோலும் மற்றவர் கையிலே கொத்தும் இருக்கின்றன. துணியை அளந்தவரும் நெல்லை அளந்தவரும் யார் கணக்குப் பெரிது என்று வாதிட்டால் அவ்வாதம் எவ்வாறு முடியும்?

விற்பனைக் கணக்கைப் பொது அளவாகக் கொள்ளலாமே என்று சிலர் கூறுவர். அதையும் இங்கிலாந்து ஒருமுறை சோதித்துப் பார்த்தது. 1995ஆம் ஆண்டு ஆகஸ்ற் 14ஆம் நாள் புளர், ஒயேசிஸ் என்னும் இரு குழுக்கள் தத்தம் பாட்டை ஒரே நாளில் வெளியிட்டன. ஒரு வாரத்திலே புளர் குழுவின் பாட்டு ஏறத்தாழ 274,000 பிரதிகளும், ஒயேசிஸ் குழுவின் பாட்டு ஏறத்தாழ 216,000 பிரதிகளும் விற்பனையாயின. தீர்ப்புக் கிடைத்துவிட்டது என்று புளர் கட்சியார் மகிழ்ந்தனர். ஆனால் அவ்வாண்டு ஒக்ரோபரில் வெளிவந்த ஒயேசிஸ் இசைத்தொகுப்பின் விற்பனை மற்றக் குழுவினரின் தொகுப்பை வெகுதூரம் விஞ்சியது. 1996 ஆகஸ்றிலே நெப்வேர்த் என்னுமிடத்தில் ஒயேசிஸ் இரண்டு நாள் நடத்திய நிகழ்ச்சிகளுக்கு இரண்டரை இலட்சம் பேர் திரண்டனர். இவற்றுள் எந்தக் கணக்கை நம்புவது? உண்மையில் அங்கே வாதிக்கப்பட்டது பாட்டு மாத்திரமன்று. ஒயேசிஸ் வடக்கே மன்செஸ்ரர் நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்த குழு. புளர் தெற்கு இங்கிலாந்தின் நடுத்தர வகுப்போடு சேர்த்துப் பேசப்பட்ட குழு. பாட்டைப் பற்றிய பேச்சிலே ஊர்ப் பெருமையும் வகுப்பு மனப்பான்மையும் புகுந்துகொண்டன.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். இளமைப் பருவத்திலே ஒருவன் உண்ணும் உணவும், பயிலும் பாடமும், பெரும்பாலும் வணங்கும் தெய்வமுங்கூடப் பிறர் அவனுக்குத் தெரிந்து கொடுத்தவை. அவன் தானாகத் தேடித் தெரிந்துகொண்ட முதற் பொருள் பல வேளைகளில் ஒரு பாட்டாகவே இருக்கின்றது. ஆகையால், அந்தப் பாட்டை இகழ்ந்தவர் தன்னையே இகழ்ந்ததாக அவன் கொதிக்கிறான். பெரியோர் இதைக் கண்டு நகைத்தல் தகாது. தன் விருப்பத்துக்குக் காரணம் கூற முயல்கின்றபோதே அவனுடைய ஆராயும் அறிவு விழிக்கத் தொடங்குகின்றது.

ஆயினும் அக்கொதிப்பு அறிவுக்கு வழிவிடாது கட்சியாக இறுகிவிடுதலும் உண்டு. 1964ஆம் ஆண்டிலே மொட்ஸ் என்றும் றொக்கர்ஸ் என்றும் பெயர்பூண்ட இரு சாரார், உடையாலும் வாகனத்தாலும் விரும்பிய இசையாலும் பிரிந்து, கிளக்ரன், மாகேற், பிறைற்றன் முதலிய கடற்கரை ஊர்களிலே விடுமுறை நாட்களிற் கைகலந்தனர். பத்திரிகைகள் அக்கலகங்களை மிகவும் பெரிதாக்கின என்று சமூகவியலாளர் ஸ்ரான்லி கோயன் 1972இலே வெளியிட்ட நூலில் விளக்கினார். ஊரை இரண்டுபடுத்துவதிலே இலாபம் காண்போர் எப்போதும் உளர் என்பதற்கு இதுவும் சான்று.

அவ்வாறாயின் வாதமே வேண்டாவா? வேண்டும், ஆனால் அது செவியிலிருந்து தொடங்கவேண்டும். மேலே கூறிய, லெனனும் மக்காட்னியும் எழுதிக் கொடுத்த பாட்டை எடுத்துக்கொள்வோம். 1963 நவம்பர் முதலாந் தேதி றோலிங் ஸ்ரோன்ஸ் அதை வெளியிட்டனர். மூன்று வாரங்களின் பின் பீற்றில்ஸ் தம் இசைத்தொகுப்பிலே அதையே வெளியிட்டனர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு நிமிடமே. ஒன்றிலே பிறையன் ஜோன்ஸின் கிற்றார் தந்திமேல் வழுக்கி அலறுகின்றது. குரல் முரட்டுத்தனமாய் விரைகின்றது. மற்றதிலே றிங்கோ ஸ்ராரின் குரல் குதூகலத்தோடு நண்பர் கூட்டத்தை அழைப்பதுபோல் ஒலிக்கின்றது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவன், எது மேலானது என்பதற்கு முன், ஒவ்வொருவரும் எதைச் செய்ய முயன்றனர் என்று கேட்கக் கற்றுக்கொள்கிறான். அதன்பின் அவன் ஒன்றையே விரும்பினாலும், அவ்விருப்பத்துக்குக் காரணம் கூற வல்லவனாவான்.

கட்சி மனப்பான்மை மறைத்த இன்னொன்றும் உண்டு. இரு குழுவினருக்கும் குருமார் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரே. 1965ஆம் ஆண்டு மே மாதத்திலே ஷின்டிக் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்ட றோலிங் ஸ்ரோன்ஸ், ஹவ்லின் வுல்ப் என்னும் புளூஸ் பாடகரும் அங்கே பாடவேண்டும் என்று வற்புறுத்தினர். ஐம்பத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த அப்பெரியார் பாட, புகழின் உச்சியிலிருந்த அவ்விளைஞர் அருகே அமர்ந்து கேட்டனர். அதற்கு முந்திய ஆண்டு, புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரிலே, கறுப்பினத்தவரைப் பிரித்திருத்தும் சபையிற் பாடமாட்டோம் என்று பீற்றில்ஸ் உறுதியாக மறுத்தனர். இரண்டும் அவரவர் ரசிகர் பெருமைப்படத்தக்க செயல்கள். இரண்டும் ஒரே கடனை உணர்ந்த செயல்கள். தன் குழுவை உண்மையாக விரும்பிய ரசிகன் அதன் வழியே சென்று அக்குருமாரின் இசையையும் கேட்டான். மற்றக் குழுவை ஏசுவதிலே பொழுதைக் கழித்தவன் வாயிலிலேயே நின்றுவிட்டான்.

2021ஆம் ஆண்டிலே மக்காட்னி ஒரு செவ்வியில், றோலிங் ஸ்ரோன்ஸ் பிறருடைய புளூஸ் பாட்டுகளைப் பாடிய குழு என்ற கருத்துப்படச் சற்றே குறைத்துப் பேசினார். பழைய வழக்கு மீண்டும் செய்தித்தாள்களில் ஏறியது. இரண்டு ஆண்டுகளின் பின், 2023இலே, அதே குழு வெளியிட்ட புதிய தொகுப்பிலே ஒரு பாட்டுக்குத் தாழ்சுருதிக் கிற்றார் வாசித்தவர் எண்பது வயதைக் கடந்த அதே மக்காட்னி. கருத்து வேறுபாட்டை மறைக்காமலும் கூடியிருந்து இசைக்கலாம் என்பதை இசைவாணர் அறிந்திருக்கின்றனர். ரசிகரும் வாதிடட்டும், தம் விருப்பத்தை விட்டுக்கொடுக்கவேண்டியதில்லை. ஆனால், எதிர்க்கட்சியானின் இசைத்தட்டை ஒருமுறையேனும் முழுமையாகக் கேட்ட பின்னரே வாய்திறப்பது என்று ஒரு விதியை வகுத்துக்கொள்வார்களாயின், இவ்வழக்கு இன்னும் அறுபது ஆண்டு நீடித்தாலும் எவருக்கும் நட்டமில்லை.