திரு.வி.க. காட்டிய பொதுமை நெறி

(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



1955 சனவரியில் நமது ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சமதர்ம பாணிச் சமுதாயமே நாட்டின் குறிக்கோள் எனத் தீர்மானித்ததை நாம் அறிவோம். அதற்கு நெடுநாள் முன்னரே பொதுமை வாழ்வை எடுத்தோதிய சான்றோர் ஒருவர் நம் பகுதியிலேயே தோன்றினார். அவரே திரு.வி. கலியாணசுந்தரனார். போரூரை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூரில் 1883 ஆகஸ்டு 26ஆம் நாள் அவர் பிறந்தார். அவ்வூர் இன்று தண்டலம் என வழங்குகிறது.

பள்ளியில் தமிழாசிரியராயிருந்த அவர், 1917இல் அப்பணியைத் துறந்து 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானார். அந்நாளில் சென்னை அரசியல் மேடைகளில் ஆங்கிலமே கோலோச்சியது. ஆலைத் தொழிலாளியும் உழவரும் கேட்டு விளங்கிக்கொள்ள வழியில்லை. திரு.வி.க. அரசியலைத் தமிழில் எழுதினார், தமிழிலேயே பேசினார். 1918 ஏப்ரல் 27இல் வாடியா அவர்களைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் தம் உரிமையை உணரத் துணைநின்றது அவரது தமிழே. 1947இல் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தின்போது, முதிய வயதிலும் வீட்டுக்காவலை ஏற்றார். மார்க்சின் பொருட் பொதுமையையும் காந்தியடிகளின் அன்பு நெறியையும் இணைத்துக் காண விழைந்த அப்பெரியார், 1953 செப்டம்பர் 17இல் மறைந்தார்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? அறிவு பொதுவாகாமல் பொருள் பொதுவாகாது என்பதே.

நம் கிராமசபை கூடும் நாள்களுள் தொழிலாளர் நாளான மே 1உம் ஒன்று. அங்கே வரவு செலவைப் படிக்கிறோம். 'மானியம்', 'பொது நிதி', 'நிலுவை' என விரைந்து படித்து முடித்தால், நாற்று நடும் பெண்மணிக்கு என்ன விளங்கும்? விளங்காத கணக்கிற்கு இடும் கையொப்பம் ஒப்புதலாகுமா? "தெருக்குழாய்க்கு இவ்வளவு செலவாயிற்று, குளக்கரைக்கு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு" என நிறுத்திச் சொல்வோம். அவரே எழுந்து, "எங்கள் தெருவுக்கு ஏன் குழாய் வரவில்லை?" என வினவுவார். அவ்வினாவுக்கு நாம் முகஞ் சுளிக்கலாகாது. விடையளித்து, அதனைத் தீர்மானப் புத்தகத்திலும் பதிய வேண்டும்.

கூலி வேலைக்குச் செல்வோர் வரத்தக்க வேளையில், எல்லாத் தெருவினரும் தயக்கமின்றி அமரத்தக்க பொதுவிடத்தில் சபையைக் கூட்டுவோம். ஆவடித் தீர்மானத்தின் சமதர்மம், நம் ஊர்க் கணக்கைக் கடைசித் தெருக்காரரும் அறியும் நாளில்தான் நம் ஊருக்கு வந்து சேரும்.